கூடி வாசித்த நாவல்

இலக்கியம் காலத்தைக் காட்டும் கண்ணாடி என்று மேடைதோறும் கேட்டுப் பழகியவர்கள் நாங்கள். தேர்வுத் தாளிலும் அதனையே எழுதி மதிப்பெண் பெற்றிருக்கின்றோம். ஆயினும் கண்ணாடி தம் முகத்தைப் பார்ப்பதற்கே உரியது என்னும் எளிய உண்மையை நாங்கள் உணர்ந்தது, சென்ற ஆண்டில் ஒரு நாவலைக் கூடி வாசித்தபோதுதான். அவ்வனுபவத்தை இம்மலரில் பதிவுசெய்ய விழைகின்றோம். இது திறனாய்வுக் கட்டுரை அன்று. ஒரு வகுப்பு ஒரு நூலோடு சில திங்கள் வாழ்ந்த கதை.

இளங்கலைத் தமிழ் இரண்டாமாண்டில் நாங்கள் 23 பேர். இசுலாமியத் தோழர் தோழியரும், இந்துக்களும், கிறித்தவர் இருவரும் எங்களுள் உண்டு. சிலர் இல்லத்தில் உருது பேசுவோர். பலர் தம் குடும்பத்தில் கல்லூரி வாயிலை முதன்முதலாக மிதித்தவர்கள். நான்காம் பருவத்தில் புதின இலக்கியம் கற்பித்த எம் பேராசிரியர் அவர்கள், பாடநூலுக்கு அப்பால் ஒரு நாவலை அனைவரும் வாசித்துக் கலந்துரையாட வேண்டும் என்று பணித்தார்கள். அவர்கள் தெரிந்தெடுத்தது தோப்பில் முகமது மீரான் அவர்களின் 'ஒரு கடலோரக் கிராமத்தின் கதை'. நூலகத்தில் மூன்று படிகளே இருந்தன. பேராசிரியர் தம் சொந்தப் படியையும் தந்தார்கள். நான்கு நூல், நான்கு குழு. ஒருவர் உரக்க வாசிக்க மற்றவர் கேட்பது என்று முடிவாயிற்று. பிற்பகல் உணவிற்குப் பின் கிடைக்கும் அரைமணி நேரத்தில், விளையாட்டுத் திடலை ஒட்டிய வேப்பமர நிழலில் வாசிப்புத் தொடங்கியது.

ஆசிரியரும் நூலும்

தோப்பில் முகமது மீரான் அவர்கள் 1944-இல் கடலோரச் சிற்றூராகிய தேங்காய்ப்பட்டணத்தில் பிறந்தவர். அவ்வூர் அந்நாளில் திருவிதாங்கூர் ஆட்சியில் இருந்தது. 1956-இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோதே அப்பகுதி தமிழகத்தோடு இணைந்து கன்னியாகுமரி மாவட்டமாயிற்று. மலையாள வழியில் கல்வி கற்றவர், திருநெல்வேலியில் வணிகம் செய்து வாழ்ந்தவர், தமிழில் தம் ஊரை எழுதினார். இந்நாவல் 'முஸ்லிம் முரசு' இதழில் தொடராக வெளிவந்து, 1988-இல் நூலாயிற்று. 'துறைமுகம்', 'கூனன் தோப்பு' முதலியன தொடர்ந்தன. 'சாய்வு நாற்காலி' 1997-ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி விருதினைப் பெற்றது. 2019-இல் அவர் மறைந்தார்.

கதை நிகழ்வது நாடு விடுதலை பெறுவதற்கு முன்னைய காலம். ஊரின் பெருந்தனக்காரர் அகமதுக்கண்ணு முதலாளி. அவர் சொல்லே ஊரின் சட்டம். ஊருக்கு ஆங்கிலப் பள்ளிக்கூடம் வருவதை அவர் விரும்பவில்லை. அது மார்க்கத்திற்கு ஆகாதது என்னும் போர்வையால் தம் அதிகாரத்தைக் காத்துக்கொள்ள முயல்கிறார். சுறாப்பீலி வணிகனாகிய மகமூது ஒருவனே அவரை எதிர்த்து வினா எழுப்புகிறான். புனிதர் போல் வந்திறங்கும் தங்ஙள் ஒருவரிடம் ஏழை மக்கள் ஏமாறுகின்றார்கள். பழைய பெருமையைக் கட்டிக் காக்க முனையும் ஒரு வீடு உள்ளிருந்தே உளுத்துப்போவதை நாவல் காட்டுகிறது. முடிவை இங்கே சொல்லுதல் முறையன்று. இனி வாசிப்போர் தாமே அடைய வேண்டிய துயரம் அது.

மொழி என்னும் முதல் படி

முதல் வாரம் எங்களுக்கு நாவலே பிடிபடவில்லை. காஞ்சிபுரம், செங்கற்பட்டுப் பக்கத்துத் தமிழ் பேசும் எங்களுக்கு, மலையாளமும் அரபுச் சொற்களும் விரவிய அக்கடற்கரைத் தமிழ் வேற்றுமொழி போல் ஒலித்தது. இந்துத் தோழர்கள் இசுலாமியத் தோழர்களைப் பார்த்துப் பொருள் கேட்டார்கள். இசுலாமியத் தோழர்களோ, 'எங்களுக்கும் விளங்கவில்லையே' என்று கைவிரித்தார்கள். ஒரே சமயத்தவர் என்பதால் ஒரே பேச்சு இருக்கும் என்று அதுவரை எண்ணியிருந்த எங்கள் அறியாமை அன்று நீங்கியது.

தந்தையைக் குறிக்கும் சொல் ஒன்றே போதுமான பாடமாயிற்று. நாவலில் வருவது 'வாப்பா'. எங்கள் வகுப்பின் தமிழ் முஸ்லிம் தோழர் ஒருவர் தம் இல்லத்தில் அழைப்பது 'அத்தா'. உருது பேசும் தோழி சொன்ன சொல்லைக் கரும்பலகையில் எழுதச் சொன்னபோது அவர் எழுதியது 'அப்பா'. ஒலிப்பில் பகரம் சற்றே மெலிந்தொலிக்கும், அவ்வளவே வேறுபாடு. இந்துத் தோழர்களும் அதே எழுத்துகளையே எழுதினார்கள். வகுப்பில் சிரிப்பெழுந்தது. பேராசிரியர் அவர்களும் சிரித்துவிட்டு, 'தமிழ் எழுத்திற்கு இரண்டு அப்பாக்களும் ஒன்றுதான்' என்றார்கள். அன்றுமுதல் அருஞ்சொற்களுக்கென ஒரு குறிப்பேடு வைத்தோம்.

எழுந்த மறுப்பு

நாவலின் நடுப்பகுதியை எட்டியபோது எங்களுக்குள் ஒரு மனத்தாங்கல் தோன்றியது. தங்ஙளின் ஏமாற்றும் முதலாளியின் கொடுமையும் வரும் பக்கங்களை உரக்க வாசித்துக்கொண்டிருந்த இசுலாமியத் தோழர் ஒருவர், திடீரென நூலை மூடிவிட்டார். மறுநாள் வகுப்பில் எழுந்து நின்று, 'ஐயா, நம் வீட்டுக் குப்பையை நாமே தெருவில் கொட்டுவது போல் இருக்கிறது. ஏற்கெனவே நம்மைப் பற்றித் தவறாக எண்ணுவோர் உளர். மற்றத் தோழர்கள் இதை வாசித்து என்ன நினைப்பார்கள்?' என்று கேட்டார். அவர் குரலில் சினத்தினும் வருத்தமே மிகுந்திருந்தது.

வகுப்பு அமைதியாயிற்று. அந்த ஐயம் பொருளற்றது என்று தள்ளிவிட எவராலும் இயலவில்லை. பெரும்பான்மையாய் வாழ்வோர் தம் குறையை எழுதினால் அது ஒரு மனிதனின் குறையாகக் கொள்ளப்படுகிறது. சிறுபான்மையோர் எழுதினால் அது சமுதாயம் முழுவதற்கும் உரியதாக ஏற்றிச் சொல்லப்படுகிறது. அத்தோழர் அஞ்சியது இதனையே.

பேராசிரியர் அவர்கள் உடனே மறுமொழி கூறவில்லை. 'இக்கதையை முதலில் வெளியிட்டது எது?' என்று மட்டும் வினவினார்கள். 'முஸ்லிம் முரசு' என்றோம். சமுதாயத்தின் இதழே இதனைத் திங்கள்தோறும் தன் வாசகர் முன் வைத்தது, அவ்வாசகர்களும் வாசித்தார்கள். குப்பையைத் தெருவில் கொட்டுவது வேறு. விளக்கேற்றி வீட்டைப் பெருக்குவது வேறு என்று அவர்கள் விளக்கினார்கள்.

தொடர்ந்து எங்களுக்கு ஒரு சிறு வரலாறும் சொல்லப்பட்டது. தமிழின் தொடக்ககால நாவல்களுள் ஒன்றாகிய 'அசன்பே சரித்திரம்' 1885-இல் வெளிவந்தது. அதனை எழுதியவர் இலங்கையின் கண்டியைச் சேர்ந்த அறிஞர் சித்திலெவ்வை. தம் மக்கள் புதிய கல்வி பெற வேண்டும் என்று வாழ்நாளெல்லாம் பாடுபட்டவர். 1892-இல் கொழும்பில் தோன்றி இன்றும் நின்று விளங்கும் சாகிராக் கல்லூரியின் தோற்றத்தில் பங்குகொண்டவர். நாகூரில் பிறந்த சித்தி ஜுனைதா பேகம் அவர்கள் மூன்றாம் வகுப்பு வரையே பள்ளியில் பயின்றவர். எனினும் 1938-இல் 'காதலா? கடமையா?' என்னும் நாவலை வெளியிட்டார். அதற்குப் பின் பல பத்தாண்டுகள் கழித்து, 2004-இல் சல்மா அவர்களின் 'இரண்டாம் ஜாமங்களின் கதை' வந்தது. ஆங்கிலப் பள்ளியைத் தடுத்த ஒரு முதலாளியை நாவலில் காண்பதற்கு ஒரு நூற்றாண்டு முன்னரே, பள்ளிக்காக உழைத்த ஒரு நாவலாசிரியர் அதே சமுதாயத்தில் இருந்தார் என்றறிந்தபோது, நூலை மூடிய தோழர் அதனை மீண்டும் திறந்தார்.

மற்றத் தோழர்கள் என்ன நினைப்பார்கள் என்னும் வினாவிற்கும் விடை கிடைத்தது. முதலில் எழுந்தவர் உழவர் குடும்பத்து இந்துத் தோழர் ஒருவர். 'இந்த முதலாளியை எனக்குத் தெரியும். எங்கள் ஊரில் அவருக்குப் பெயர் வேறு, திண்ணை ஒன்றே. அவர் தெருவில் வரும்போது என் தாத்தா தோளில் கிடந்த துண்டை இடுப்பில் கட்டிக்கொள்வார்' என்றார். கிறித்தவத் தோழி ஒருவர் தம் ஊரில் கேள்வி கேட்டவரை எல்லாரும் விலக்கி வைத்த கதையைச் சொன்னார். ஒவ்வொருவரும் தத்தம் ஊரிலிருந்து ஒரு முதலாளியைக் கொண்டுவந்து வகுப்பில் நிறுத்தினோம். அன்றைய மணியடித்தபோது எங்கள் வகுப்பில் பத்து முதலாளிகளேனும் இருந்திருப்பார்கள். நாங்கள் மிக மகிழ்ந்தோம். தீமையைப் பிறர் உருவில் காண்பது எத்துணை எளிது என்பதை அப்போது நாங்கள் உணரவில்லை.

உத்திரமேரூரில்

தை மாதத்தின் ஒரு சனிக்கிழமை, கல்வெட்டியல் பாடத்தின் பொருட்டு உத்திரமேரூர் சென்றோம். வகுப்புத் தோழர் ஒருவர் அவ்வூரை அடுத்த சிற்றூரைச் சேர்ந்தவர். நண்பகல் உணவு தம் இல்லத்திலேயே என்று அவர் வற்புறுத்தி அழைத்திருந்தார். நாவலின் இறுதிக் கலந்துரையாடலையும் அன்றே ஏரிக்கரையில் வைத்துக்கொள்வது என்று முடிவு செய்திருந்தோம்.

வைகுண்டப் பெருமாள் கோயில் என்று இன்று வழங்கும் கட்டடம், ஒரு காலத்தில் ஊர்ச்சபை கூடிய மண்டபம். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள் அதன் சுவரில் உள்ளன. குடவோலை முறை என்று பள்ளி நாள் தொட்டு மனப்பாடம் செய்த செய்தியை எழுத்துப் பொறித்த கல்லிலேயே விரலால் தொட்டுப் பார்த்தோம். ஊரை 30 குடும்புகளாகப் பிரித்தார்கள். தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, ஏதுமறியாச் சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுப்பித்தார்கள். ஆட்டை வாரியத்திற்குப் பன்னிருவர், தோட்ட வாரியத்திற்குப் பன்னிருவர், ஏரி வாரியத்திற்கு அறுவர். பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவனுக்கும் அவன் உறவினருக்கும் மீண்டும் குடத்தில் இடமில்லை.

'இந்த விதி தேங்காய்ப்பட்டணத்தில் இருந்திருந்தால் முதலாளி என்ன ஆகியிருப்பார்?' என்று ஒருவர் கேட்க, அனைவரும் சிரித்தோம். ஆனால் சுவரின் முன்னர்ச் சற்றுநேரம் நின்ற உழவர் குடும்பத்துத் தோழர் சிரிக்கவில்லை. குடத்தில் பெயர் விழுவதற்குரிய தகுதிகளை அவர் ஒவ்வொன்றாக எண்ணிச் சொன்னார். இறை செலுத்தும் கால் வேலி நிலமேனும் வேண்டும். சொந்த மனையில் கட்டிய வீடு வேண்டும். 35 முதல் 70 வரை அகவை வேண்டும். வேதக் கல்வி வேண்டும். 'அந்நாளில் இந்த ஏரியை வெட்டிய என் பாட்டன் போன்றோர் பெயர் எந்தக் குடத்திலும் விழுந்திருக்காது' என்றார் அவர். 'எந்தப் பெண்ணின் பெயரும் விழுந்திருக்காது' என்றார் அருகில் நின்ற தோழி.

ஆயிரத்து நூறு ஆண்டுகட்கு முன் கணக்குக் கேட்கும் ஒழுங்கை வகுத்த ஊரின் பெருமை இதனால் குறைந்துவிடவில்லை. எனினும் கல்லில் எழுதுவோர் சபையில் அமர்ந்தோர். சபைக்கு வெளியே நின்றோர் மனம் கல்லில் ஏறுவதில்லை என்பது எங்களுக்கு அங்கே புலப்பட்டது. அவர்களைப் பற்றி அறிய வேண்டுமானால் நாவல் போன்ற ஒன்றைத்தான் நாட வேண்டியிருக்கிறது.

ஏரிக்கரை வினா

பல்லவர் காலத்திலேயே வயிரமேக தடாகம் என்று பெயர் பெற்ற அப்பேரேரி, வடகிழக்குப் பருவமழைக்குப் பின் நிறைந்து கிடந்தது. கீழே சம்பா நெற்கதிர்கள் தலைசாய்ந்திருந்தன. கரையில் பனைநிழலில் அமர்ந்து கலந்துரையாடலைத் தொடங்கினோம். தலைப்பு, 'பள்ளிக்கூடத்தைத் தடுப்பவர் யார்?'

எங்களை விருந்திற்கு அழைத்த தோழரே அன்று மிகச் சிறப்பாகப் பேசினார். மாணவப் பேச்சுப் போட்டிகளில் பரிசு பெற்றவர் அவர். கல்வியை மறுப்பவன் கண்ணைக் குத்துபவன் என்றார். முதலாளி ஒரு தனிமனிதரல்லர், ஒரு மனநிலை என்றார். அம்மனநிலை இன்று ஒழிந்துவிட்டது, நம் தலைமுறை அதனைக் கடந்துவிட்டது என்று அவர் முடித்தபோது நாங்கள் கைதட்டினோம்.

அப்போது எங்கள் தோழியருள் ஒருவர் வினவினார். அவ்வினாவில் எள்ளலோ குறும்போ சிறிதும் இல்லை. சற்று நேரத்தில் காணப்போகும் குடும்பத்தை முன்னரே அறிந்துகொள்ளும் ஆவல் மட்டுமே இருந்தது. 'உங்கள் வீட்டில் தங்கை ஒருவர் உண்டென்று சொன்னீர்களே, அவர் என்ன படிக்கிறார்?'

தோழர் வாய் திறக்கவில்லை. கையிலிருந்த நாவலின் ஓரத்தை மடித்துக்கொண்டே இருந்தார். பின் தாழ்ந்த குரலில், 'பத்தாம் வகுப்பு முடித்தாள். 500-க்கு 431. வீட்டில் இருக்கிறாள்' என்றார்.

எவரும் எதுவும் சொல்லவில்லை. அவரைக் குற்றம் சாட்டும் தகுதி எங்களுள் எவருக்கு இருந்தது? படிப்பு நின்றுபோன தங்கையோ, அக்காளோ, பக்கத்து வீட்டுப் பெண்ணோ இல்லாத தெரு எங்கள் 23 பேரில் எவருக்கும் இல்லை. வகுப்பறையில் பத்து முதலாளிகளை வரிசையாக நிறுத்தி மகிழ்ந்த நாங்கள், ஒருவரையும் எங்கள் வீட்டுத் திண்ணையில் தேடியதில்லை. கல்லூரிக்குப் பேருந்தேறும் நாளெல்லாம் அத்தோழர் தம் தங்கையைக் கடந்துதான் வந்திருக்கிறார். அவளைப் பற்றி நினைக்காமல் முதலாளியைப் பற்றி மேடையதிரப் பேச அவரால் முடிந்தது; நினைக்காமல் கைதட்ட எங்களால் முடிந்தது.

இருட்டு வழி

தோழரின் இல்லத்தில் எங்களுக்குச் சோறும் குழம்பும் முட்டையும் தேங்காய்ச் சட்டினியும் பரிமாறினார்கள். தந்தையார் நெல் வாங்கி விற்கும் சிறு வணிகர், அறுபதை நெருங்கியவர். கண்ணில் புரை விழத் தொடங்கியிருந்தது. அவரைக் காண்பதற்கு முன் எங்கள் மனத்தில் ஓர் அகமதுக்கண்ணு முதலாளியே உருவாகியிருந்தார் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். வாயிலில் வந்து நின்று, 'வாங்க பிள்ளைங்களா, வெயில்ல வந்திருக்கீங்க' என்று ஒவ்வொருவருக்கும் தண்ணீர் எடுத்துத் தந்தவரிடம் அந்த முதலாளியின் சாயல் இல்லை.

உண்டு முடித்தபின் அவரே, 'ஏரிக்கரையில என்ன புத்தகம் படிச்சீங்க?' என்று வினவினார். பேராசிரியர் அவர்கள் கதையைச் சுருக்கிச் சொன்னார்கள். பள்ளிக்கூடத்தைத் தடுக்கும் முதலாளியைப் பற்றிச் சொல்லும்போது கதவோரம் நின்ற தங்கையைப் பார்ப்பதை நாங்கள் அனைவரும் தவிர்த்தோம். அவர் தவிர்க்கவில்லை. சற்று நேரம் பேசாதிருந்துவிட்டுப் பேசினார்.

'படிப்பு வேணாம்னு நான் எப்பவும் சொல்லலை சார். இங்க பத்தோட முடிஞ்சு போகுது. மேல படிக்கணும்னா உத்திரமேரூர் போகணும். காலையில போறதுக்குப் பயமில்லை. சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கினா ரோட்டுல இருந்து ஊருக்கு ரெண்டு கிலோமீட்டர். மழைக்காலத்துல ஆறு மணிக்கே இருட்டு. விளக்கு கிடையாது. அந்த இருட்டுக்கு யார் பொறுப்பு ஏத்துக்கறது? நாளைக்கு ஒண்ணுன்னா ஊர் என்னைத்தானே கேட்கும்?'

நாவலின் முதலாளி பள்ளியைத் தடுத்தது அதிகாரம் போய்விடும் என்னும் அச்சத்தால். இவர் தடுத்தது மகளுக்குத் தீங்கு வந்துவிடும் என்னும் அச்சத்தால். இரண்டையும் ஒரே தட்டில் வைத்தல் அறமாகாது என்பதை நாங்கள் அங்கே கற்றோம். ஆயினும் கதவோரம் நின்ற பெண்ணுக்கு இரண்டும் ஒன்றாகவே வந்து முடிந்தன என்பதையும் அதே நொடியில் கற்றோம். கொடியவர் ஒருவர் இருந்தால் எதிர்த்துப் பேசிவிடலாம். அன்புடைய ஒருவர் அஞ்சி நின்றால் என்ன பேசுவது? அதற்குரிய சொல் எங்கள் பேச்சுப் போட்டிகளில் எங்களுக்குக் கற்பிக்கப்படவில்லை.

பேராசிரியர் அவர்கள் அறிவுரை எதுவும் கூறவில்லை. 'பக்கத்தில் வேறு பிள்ளைகள் யாரேனும் மேலே படிக்கிறார்களா?' என்று மட்டும் கேட்டார்கள். தோழரின் தாயார் உள்ளிருந்தபடியே விடை சொன்னார்கள். அடுத்த தெருவில் இரண்டு பெண்கள், அவர்களும் பத்தோடு நின்றவர்களே. ஒரு வீட்டில் தச்சு வேலை, மற்றொன்றில் உழவு. 'எல்லாரும் இதே இருட்டைத்தான் சொல்றாங்க' என்றார்கள். அந்தப் பேச்சு அவ்வளவில் நின்றது.

விடைபெறும்போது தந்தையார் பேராசிரியரிடம், 'அந்தப் புத்தகத்தை வச்சுட்டுப் போங்க சார். எனக்குக் கண்ணு தெரியலை. பாப்பா படிச்சுக் காட்டும்' என்றார். நூலகப் படியொன்றை விட்டுவந்தோம்.

தாளில் இருந்த வினா

பங்குனி பிறந்தும் நூல் திரும்பவில்லை. நூலகர் நினைவூட்டல் அனுப்பினார். தண்டத் தொகையை நாங்கள் 23 பேரும் பங்கிட்டுக்கொள்வது என்று தீர்மானித்தோம். எங்கள் மாணவ வாழ்வில் மனமுவந்து கட்டிய தண்டம் அது ஒன்றே.

நூல் வந்தபோது அதனுள் நான்காக மடித்த ஒரு தாள் இருந்தது. மாலைதோறும் தந்தைக்கு வாசித்துக் காட்டிய தங்கை, விளங்காத சொற்களை வரிசை எண் இட்டு எழுதியிருந்தாள். 41 சொற்கள். எங்கள் குறிப்பேட்டில் இருந்தவை 29 மட்டுமே. நாங்கள் விளங்கிவிட்டதாக நினைத்துக் கடந்துபோன பன்னிரண்டு சொற்களில் அவள் நின்று கேட்டிருந்தாள். பேராசிரியர் அவர்கள் ஒரு வகுப்பு முழுவதையும் அத்தாளுக்கே ஒதுக்கினார்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் பொருளெழுதித் தோழர் வழியே திருப்பி அனுப்பினோம்.

ஆனால் 42-ஆவதாக இருந்தது சொல்லன்று. 'இந்தக் கதையில் வரும் பெண்பிள்ளைகளிடம், உனக்கு என்ன வேண்டும் என்று யாராவது கேட்டார்களா?' என்று எழுதியிருந்தாள். அதனை உரக்க வாசித்த பேராசிரியர் அவர்கள், விடையைத் தாம் சொல்லாமல் நூலின் நான்கு படிகளையும் எங்கள் முன் வைத்தார்கள். தேர்வு நெருங்கியிருந்தும் நாங்கள் மீண்டும் முதற்பக்கத்திலிருந்து தொடங்கினோம். முதன்முறை வாசித்தபோது முதலாளியின் குரலும் மகமூதின் எதிர்க்குரலுமே எங்கள் காதில் விழுந்திருந்தன. இம்முறை அடுக்களையிலும் கதவுக்குப் பின்னாலும் எழும் மூச்சைக் கேட்க முயன்றோம். ஒரு நூலை இருமுறை வாசித்தால் அது இரு நூலாகும் என்பதை அவ்வாறு அறிந்தோம்.

சூன் மாதம் கல்லூரி திறந்த முதல் வாரத்தில் தோழர் வந்து சொன்னார். அவர் தங்கையும் அடுத்த தெருப் பெண்கள் இருவரும் பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்துவிட்டார்கள். மூவரும் ஒன்றாகவே போய்த் திரும்புகிறார்கள். மூன்று தந்தையரும் முறைவைத்துக்கொண்டு, மாலையில் ஒருவர் கைவிளக்கோடு சாலைக்குச் சென்று அழைத்து வருகிறார்கள். தங்கைக்கு ஓராண்டு வீணாகிவிட்டது. அவள் வகுப்புத் தோழியர் அவளுக்கு ஒரு வகுப்பு மேலே இருக்கிறார்கள். அதனை எவராலும் மீட்டுத்தர இயலாது.

இது நாவலால் நிகழ்ந்தது என்று நாங்கள் உரிமை கொண்டாட மாட்டோம். அத்தந்தையாரும் அவ்வாறு சொல்லவில்லை. அவர் மகனிடம் சொன்னது, 'மூணு வீடும் தனித்தனியா பயந்துகிட்டு இருந்தோம். சேர்ந்து பேசினப்போ இருட்டு பாதியாயிடுச்சு' என்பதுதான். ஆனால் தனித்தனியே வாசித்திருந்தால் எங்கள் வகுப்பில் ஒருவர் நூலை மூடியிருப்பார். மற்றொருவர் பிறர் குறையைக் கண்டு மகிழ்ந்திருப்பார். வேறொருவர் தேர்வுக்குரிய நான்கு வரிகளைக் குறித்துக்கொண்டு போயிருப்பார். கூடி வாசித்ததால் ஒருவர் வெட்கத்தை மற்றவர் பகிர்ந்துகொள்ள முடிந்தது. ஒருவர் மறந்ததை மற்றவர் கேட்க முடிந்தது.

இம்மலரைக் கையில் ஏந்தும் சமுதாயப் பெரியோர்களையும் ஆசிரியப் பெருமக்களையும் உடன்பயிலும் தோழர்களையும் நாங்கள் வேண்டிக்கொள்வது ஒன்றுண்டு. இந்த நாவலாயினும் வேறு நாவலாயினும், இல்லத்தில் ஒருமுறை உரக்க வாசியுங்கள். கதவோரம் நிற்பவர்களையும் உள்ளே அழைத்து அமரச் செய்யுங்கள். அவர்கள் கேட்கும் வினாவை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் துறை நூலகத்தில் அந்நாவலின் ஒரு படியில் நான்காக மடித்த அத்தாளின் நகல் இன்றும் இருக்கிறது. அதனை எடுத்துவிட வேண்டா என்று நூலகரிடம் சொல்லி வைத்திருக்கின்றோம்.